நாளும் நிலையும்: ஒரு ரயில் பாதையோரக் கணக்கின் வரலாறு

புள்ளியியல் மென்பொருளில் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வுக்கான பகுதியைத் திறந்தவுடன் திரையில் சில வெற்றுக் கட்டங்கள் தோன்றுகின்றன. முதல் கட்டம் ஒவ்வொருவரையும் எவ்வளவு காலம் கவனித்தோம் என்று கேட்கிறது. அடுத்தது, அந்தக் காலம் முடிந்தபோது அவருடைய நிலை என்ன என்று கேட்கிறது. மூன்றாவது, எந்தப் பிரிவினரை எந்தப் பிரிவினரோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்கிறது. பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டிய பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவ மேற்படிப்புக்கு ஆய்வேடு எழுதும் மாணவர் இக்கட்டங்களைச் சில நொடிகளில் நிரப்பிவிடலாம். ஆனால் அவை கேட்பது இன்னதென்று மருத்துவ உலகம் தெளிவுபடுத்திக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த உழைப்பில் கணிசமான பங்கு, பொத்தேரி வழியே செல்லும் அதே சென்னைக் கடற்கரை–செங்கல்பட்டு ரயில் பாதையின் ஓரத்தில், சேத்துப்பட்டிலும் தாம்பரம் சானடோரியத்திலும், சற்று விலகி அடையாற்றிலும், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமங்களிலும் நடந்தது.

உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு என்ற பெயர் சாவை மட்டுமே குறிப்பதுபோல் தோன்றினாலும், ஒரு தொடக்க நாளிலிருந்து ஒரு நிகழ்ச்சி நேரும்வரை கழியும் காலத்தை அளக்கும் முறை அனைத்துக்கும் அதுவே பெயர். நோய் திரும்புதல், சளியில் கிருமி மறைதல், இயந்திரம் பழுதாதல் எதுவும் அந்த நிகழ்ச்சியாக இருக்கலாம். பிற கணக்குகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது, முடிவு தெரியாதவர்களையும் இது கைவிடாமல் வைத்துக்கொள்கிறது என்பதே. ஆய்வு முடியும் நாளில் உயிரோடு இருப்பவருக்குச் சாவு நாள் கிடையாது. நடுவில் ஊரைவிட்டுப் போனவருக்கு எந்த நாளும் தெரியாது. ஆயினும் இருவரும் குறைந்தது இன்ன நாள்வரை உயிரோடு இருந்தார்கள் என்பது உறுதியான செய்தி, அதைத் தூக்கியெறிவது பிழை. இத்தகைய பதிவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை அப்படியே ‘தணிக்கை’ என்று பெயர்த்தால், திரைப்படத் தணிக்கையை நினைத்துக்கொள்ளும் தமிழ் வாசகருக்குப் பொருள் தவறிவிடும். பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளைக் குறிக்க ஏற்கெனவே வழங்கும் ‘இடைநிற்றல்’ என்ற சொல்லே இங்கு நெருங்கி வருகிறது. கவனிப்பு இடையில் நின்றுபோன பதிவு என்ற பொருளில் ‘இடைநின்ற பதிவு’ என்று இக்கட்டுரை அதைக் குறிக்கும்.

இந்தக் கணக்கின் வேர் 1662-இல் லண்டன் சாவுப் பட்டியல்களை ஆராய்ந்த ஜான் கிராண்டிடமும், 1693-இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புகளிலிருந்து ஆயுள் அட்டவணை வகுத்த வானியலாளர் எட்மண்ட் ஹாலியிடமும் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கணக்கர்கள் அதை வளர்த்தார்கள். நோயாளிகளிடம் அது வந்து சேர்ந்த வாயில்களுள் காசநோய் முதன்மையானது. 1910-இல் காப்பீட்டுக் கணக்கியல் அறிஞர் எல்டர்டனும் அவருடன் பெர்ரியும், சானடோரியங்களில் தங்கிச் சென்ற நோயாளிகளின் இறப்பை ஆயுள் அட்டவணை முறையில் ஆராய்ந்தார்கள். மருந்து இல்லாத அக்காலத்தில் தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவற்றைச் சிகிச்சையாகத் தந்த உறைவிட மருத்துவமனைகளே சானடோரியங்கள். அவை உண்மையில் ஆயுளை நீட்டுகின்றனவா என்ற கேள்வியே நோயாளிகளை நாள் கணக்கில் பின்தொடரும் தேவையை உண்டாக்கியது.

அந்தக் கேள்வி தாம்பரத்துக்கு வந்தது 1928-இல். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்திய தமிழ் மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து, அவ்வாண்டு பச்சைமலை அடிவாரத்தில், அன்று ஊரும் சந்தடியும் இல்லாத பரப்பில், சில படுக்கைகளோடு ஒரு காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கும் அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளுக்கும் ‘சானடோரியம்’ என்பதே பெயராக நிலைத்துவிட்டது. இந்த மருத்துவரின் இங்கிலாந்துச் சானடோரியத்தில் 1917-இல் சிறிது காலம் தங்கிய நோயாளிகளுள் கணித மேதை ராமானுஜனும் ஒருவர். 1920 ஏப்ரல் 26 அன்று ராமானுஜன் மறைந்தது சேத்துப்பட்டில். காசநோயைக் கணிதத்தின் துணையோடு எதிர்கொண்ட ஆய்வு மையம் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்ததும் அதே சேத்துப்பட்டில்தான். ராமானுஜனுக்கு இருந்தது காசநோய் அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்று வாதிட்டது. எந்த நிகழ்ச்சியை எந்த நோயின் பெயரில் எழுதுவது என்ற சிக்கல் எவ்வளவு பெரிய மனிதரின் பதிவிலும் தீராமல் நிற்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

சானடோரியக் காலத்துப் பதிவுமுறைக்கு ஒரு வசதி இருந்தது. அந்த வசதியே அதன் குறையும் ஆனது. நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், ஒரே படுக்கையில் இருந்தார்கள். அவர்களுடைய நிலையை அறிய வார்டைச் சுற்றி வந்தாலே போதும். நோய் அடங்கியது, தேறினார், மாற்றமில்லை, மோசமானது, இறந்தார் என்று வீட்டுக்கு அனுப்பும் நாளின் நிலையை ஒரு சொல்லில் எழுதுவது உலகெங்கும் சானடோரியங்களின் வழக்கம். அந்தச் சொல் எழுதப்பட்ட நாளோடு கணக்கு முடிந்தது. வெளியே போன பிறகு நேரும் சாவு ஏட்டில் ஏறாது. குணமடைந்ததாக எண்ணப்பட்டவர் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் இரத்தம் கக்கினாலும் அவர் பெயருக்கு எதிரே ‘தேறினார்’ என்றே இருக்கும். பிற்காலச் சொற்களில் சொன்னால், நிலை என்ற பத்தி இருந்தது, காலம் என்ற பத்தி இல்லை.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. 1948-இல் வெளியான புகழ்பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் வழியே சமவாய்ப்பு முறையை, அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலைப் போன்ற முறையால் தீர்மானிப்பதை, காசநோய் மருத்துவத்தில் வேரூன்றச் செய்தது அந்தப் பிரிட்டிஷ் குழுதான். அக்குழுவின் வழி வந்த வாலஸ் ஃபாக்ஸ் சென்னை மையத்தின் முதல் தலைவரானார். மையம் நடத்திய ஆய்வில் 200-க்குச் சற்றுக் குறைந்த ஏழை நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்திலும் மற்றவர் தம் நெருக்கமான குடியிருப்புகளிலேயே குடும்பத்தோடும் இருந்தபடி ஐசோநியாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகளை உட்கொண்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்துக் குறைந்த சாப்பாடே கிடைத்தது, ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் 1959-இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்திருந்தார்கள்; வீட்டில் உடன் இருந்த உறவினருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை.

இந்த முடிவு உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது என்பது பலரும் எழுதியது. பதிவேட்டில் அது செய்த மாற்றம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை, ஆனால் இந்த வரலாற்றுக்கு அதுவே திருப்புமுனை. நோயாளி படுக்கையைவிட்டு வீட்டுக்குப் போன அந்த ஆண்டிலிருந்து, அவருடைய நிலை என்பது கண்ணெதிரே கிடக்கும் செய்தியாக இல்லாமல், தேடிப் போய்க் கண்டறிய வேண்டியதாக மாறியது. சென்னை ஆய்வில் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உடலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் மாதிரி வாங்கினார்கள், வராதவரைத் தேடினார்கள்; ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின்னும் ஐந்தாண்டுகள்வரை தொடர்ந்தார்கள். காணாமல்போனவர் என்ற வகை பதிவேட்டில் முக்கியம் பெற்றது வீட்டுச் சிகிச்சையின் வெற்றியால்தான் என்று சொல்வது மிகையாகாது.

ஏறத்தாழ அதே நேரத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இக்கணக்கின் இலக்கணம் எழுதப்பட்டது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பெர்க்சனும் கேஜும் 1950-இல் புற்றுநோயாளிகளுக்கான ஆயுள் அட்டவணை முறையைச் சீர்ப்படுத்தினார்கள். 1958-இல் எட்வர்ட் கப்ளான், பால் மையர் இருவர் பெயரிலும் வந்த கட்டுரை, ஒவ்வொரு நிகழ்ச்சி நாளிலும் அன்று இன்னும் கவனிப்பில் இருப்பவர்களுள் எத்தனை பேர் தப்பினார்கள் என்ற விகிதத்தை அடுத்தடுத்துப் பெருக்கிச் செல்லும் முறையை முன்வைத்தது. கப்ளான் பெல் ஆய்வகத்தில் கடலடித் தொலைபேசிக் கம்பியில் பொருத்தும் வெற்றிடக் குழாய்களின் ஆயுளைப் பற்றியும், மையர் புற்றுநோயாளிகளைப் பற்றியும் தனித்தனியே எழுதி ஒரே இதழுக்கு அனுப்பியிருந்தார்கள். பதிப்பாசிரியரின் தூண்டுதலால் இரண்டும் ஒன்றாயின. குழாய்க்கும் மனிதருக்கும் ஒரே சூத்திரம் பொருந்தியதற்குக் காரணம், இரண்டிடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே என்பதுதான்: எந்த நாளிலிருந்து, எதுவரை, எந்த முடிவோடு? 1972-இல் டேவிட் காக்ஸ், வயது, நோயின் கட்டம் போன்ற பல காரணிகளை ஒருங்கே கணக்கில் கொள்ளும் முறையைத் தந்தார். அவர் எடுத்துக்காட்டிய இரத்தப் புற்றுநோய்த் தரவில் 42 நோயாளிகள் இருந்தார்கள். மருந்தற்ற மாத்திரை பெற்ற 21 பேருக்கும் நோய் திரும்பியது, மருந்து பெற்ற 21 பேருள் 9 பேருக்கே திரும்பியது, மீதி 12 பேர் இடைநின்ற பதிவுகள். அந்தப் பன்னிரண்டு பேரைச் சரியாகக் கணக்கில் கொள்வதற்கே இத்தனை கணிதமும் என்று சொல்லலாம்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு இந்தச் சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. திருவள்ளூரைச் சூழ்ந்த கிராமங்களிலும் சிற்றூர்களிலும் ஏறத்தாழ 3.6 லட்சம் மக்களின் பெயர்களைப் பதிவுசெய்து, தகுதியுடையோருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ சமவாய்ப்பு முறையில் போட்டு, 15 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஏழரை ஆண்டு முடிவு 1979-இல் வெளியானபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்து உலகமே திகைத்தது. 15 ஆண்டு முடிவும் அதை மாற்றவில்லை. இந்த ஆய்வில் மக்கள் முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துச் சளி பரிசோதித்த சுற்றுகள் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை நடந்தன. ஒரு சுற்றில் நோயற்றவராக இருந்து அடுத்த சுற்றில் நோயாளியாகக் கண்டறியப்பட்டவருக்கு நோய் தொடங்கிய நாள் எது? இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே எங்கோ ஒரு நாள் என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. இன்றைய மென்பொருள்களில் இதற்கென்று ஒரு நாளுக்குப் பதில் இரு எல்லை நாள்களைத் தரும் வசதி உண்டு. கண்டுபிடித்த நாளையே நோய் வந்த நாளாக எழுதிவிடுபவர், ஆளின் நோயற்ற காலத்தைத் தம்மையறியாமல் நீட்டிவிடுகிறார்.

புற்றுநோய்க்கு இந்தக் கணக்கைச் சென்னையில் நிலைநாட்டியது அடையாறு புற்றுநோய் நிலையம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியாலும் டாக்டர் சாந்தாவாலும் வளர்ந்த அந்நிலையத்தில், தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் ஒரு கிளையாகச் சென்னை மாநகர்ப் புற்றுநோய்ப் பதிவகம் அமைந்தது. 1982-லிருந்து அதன் தரவுகள் கிடைக்கின்றன. மருத்துவமனை ஏடு தன்னிடம் வந்தவரை மட்டும் அறியும்; மக்கள்தொகைப் பதிவகம் என்பதோ நகரத்தில் வாழ்பவர் எவருக்கு எங்கே நோய் கண்டறியப்பட்டாலும் அவரைப் பதிய வேண்டியது. புற்றுநோயை மருத்துவர்கள் அரசுக்கு அறிவித்தே தீர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அப்போது இல்லாததால், பதிவகப் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் ஏடுகளைப் பார்த்து எழுதினார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டோடு பெயர்களை ஒப்பிட்டார்கள்.

இந்த ஒப்பீட்டின் கடினத்தைத் தமிழ்நாட்டில் வாழ்பவர் எளிதில் உணர்வார். குடும்பப் பெயர் இல்லாத சமூகத்தில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது தந்தை அல்லது கணவர் பெயரின் முதலெழுத்து மட்டுமே, ‘எஸ். லட்சுமி’ என்ற பெயரில் ஒரே வட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. திருமணத்தோடு முதலெழுத்து மாறும். பிறந்த நாள் தெரியாதவர்களின் வயது நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று ஐந்தின் மடங்குகளிலேயே வந்து நிற்கும். தெருவில் கதவிலக்கங்கள் மாற்றப்பட்டுப் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் புழங்கும். ஆற்றங்கரைக் குடிசைப் பகுதி அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கோ செம்மஞ்சேரிக்கோ பெரும்பாக்கத்துக்கோ மக்கள் குடியேற்றப்பட்டால், பதிவேட்டில் உள்ள முகவரி தரைமட்டமான இடத்தையே காட்டும். அங்கே தேடிச் சென்றவர் ‘ஆள் இல்லை’ என்று எழுதித் திரும்பும்போது, அந்தச் சொற்கள் ஏழையின் பதிவிலேயே கூடுதலாக விழுகின்றன.

இது பகுப்பாய்வின் அடிப்படையையே தொடும் செய்தி. கப்ளான்–மையர் முறை, இடைநின்றவர்களின் எதிர்காலம் தொடர்ந்து கவனிப்பில் இருப்பவர்களின் எதிர்காலத்தைப் போன்றதே என்று கொள்கிறது. காணாமல்போனவர்கள் நோய் முற்றியவர்களாகவோ வறியவர்களாகவோ இருந்தால் அந்தக் கொள்கை பொய்த்துவிடும். சூத்திரம் சரியாகவே கணக்கிட்டும் விடை தவறாக வரும். இதைச் சென்னைப் பதிவகமே அளந்து காட்டியிருக்கிறது. 1990 முதல் 1999 வரை பதியப்பட்ட முக்கியப் புற்றுநோயாளிகளை 2001 வரை தொடர்ந்த சுவாமிநாதன், ரமா, சாந்தா ஆகியோரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வில், முதலில் மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு மட்டும் ஒப்பிட்டார்கள். அதில் பொருந்தாதவர்களைப் பின்னர் தேடிச் சென்று விசாரித்தார்கள். தேடப்பட்டவர்களுள், புற்றுநோயின் வகையைப் பொறுத்து, 15 முதல் 43 விழுக்காட்டினர் ஏற்கெனவே இறந்திருந்தது தெரிய வந்தது. தேடாமலே, ‘சாவு பதிவாகவில்லை, எனவே உயிரோடு இருக்கிறார்’ என்று கொண்டிருந்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 22 முதல் 47 விழுக்காடு வரை கூடுதலாகத் தோன்றியிருக்கும். நிலை என்ற ஒரு பத்தியில் விட்ட பிழை, ஒரு நகரத்தின் மருத்துவம் எத்தகையது என்ற மதிப்பீட்டையே இந்த அளவுக்குப் புரட்டிவிடுகிறது. வெயிலில் அலைந்து கதவு கதவாய்த் தட்டிய பணியாளர்களின் பெயர் எந்தச் சூத்திரத்திலும் இல்லை என்றாலும், உலகப் புற்றுநோய் உயிர்வாழ்வுத் தொகுப்புகளில் சென்னையின் எண்கள் நம்பிக்கையோடு இடம்பெறுவதற்கு அவர்கள் உழைப்பே காரணம்.

தாம்பரம் சானடோரியத்தின் வரலாறு 1990-களில் மறுபடி இந்தக் கணக்கோடு பிணைந்தது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்த சில ஆண்டுகளுக்குள், காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து தாக்கியவர்களுக்குத் தாம்பரம் புகலிடமாயிற்று. ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது அது தொடங்கிய முதல் மையங்களுள் தாம்பரமும் ஒன்று. இந்நோயில் தொடக்க நாள் என்று சொல்லக்கூடியவை பல: தொற்றிய நாள் (அதை யாரும் அறியார்), இரத்தப் பரிசோதனை நாள், மையத்தில் பதிந்த நாள், மருந்து தொடங்கிய நாள். மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட நினைக்கும் ஆய்வாளர் இருவருக்கும் பதிவு நாளிலிருந்தே காலத்தை எண்ணினால், மருந்து தொடங்கும்வரை உயிரோடு இருந்தவர் மட்டுமே மருந்துப் பிரிவுக்குள் வர முடியும் என்பதால், காத்திருந்த மாதங்களும் மருந்தின் சாதனையாகக் கணக்கில் ஏறிவிடும். காத்திருக்கும்போதே இறந்தவர் மறுபக்கத்துக் கணக்கில் விழுவார். புள்ளியியலாளர்கள் ‘சாகாக் காலம்’ என்று பொருள்படும் சொல்லால் குறிக்கும் பிழை இது. மென்பொருள் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்காது.

பத்திகளின் பெயர்களுக்கும் வரலாறு உண்டு. காசநோய்த் திட்டத்தின் பதிவேடுகளில், மருந்தை இரண்டு மாதம் தொடர்ந்து விட்டவரை நெடுங்காலம் ‘டிஃபால்ட்டர்’ என்று எழுதினார்கள். கடனைத் திருப்பாதவரைக் குறிக்கும் அதே சொல். 2013-இல் உலக சுகாதார நிறுவனம் அதை நீக்கி, ‘தொடர்பு விடுபட்டவர்’ என்ற பொருள் தரும் சொல்லை வைத்தது. குற்றம் நோயாளியின் தலையிலிருந்து இறங்கிய அந்த மாற்றம், புள்ளியியலுக்கும் நல்லதே செய்தது: விடுபட்டவர் என்பது ஒரு முடிவு அன்று, முடிவு தெரியாமை என்பதைப் புதிய சொல் உள்ளபடி சொல்கிறது.

இத்தனையும் கணினிக்குள் புகுந்த கதை சுருக்கமானது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் 1968-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியலாளர்களுக்காக உருவாயிற்று. காக்ஸ் கட்டுரை வெளியான மறு ஆண்டில், 1973-இல், சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனியின் கொடையாக ஐ.பி.எம். 370 பெருங்கணினி வந்தது. ஆர் என்ற நிரல்மொழியின் உயிர்வாழ்வுத் தொகுப்பை எழுதிய டெர்ரி தெர்னோ, பெர்க்சன் பணியாற்றிய அதே மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தவர். ஆனால் ஒரே கேள்வியை இந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கேட்கின்றன என்பதில்தான் இன்றைய மாணவர் இடறுகிறார். மருத்துவமனைப் படிவங்களில் 1 என்றால் இறந்தார், 2 என்றால் உயிரோடு இருக்கிறார் என்று குறியிடுவது சாதாரணம். எஸ்.பி.எஸ்.எஸ். எந்த எண் நிகழ்ச்சியைக் குறிக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது, ஆகவே 1 என்று தந்தால் சிக்கலில்லை. ஸ்டேட்டா என்ற மென்பொருளில் எந்த எண் என்று குறிப்பிடாமல் விட்டால், பூஜ்யமும் வெற்றிடமும் தவிர்த்த எந்த எண்ணையும் அது நிகழ்ச்சியாகவே கொள்ளும். அப்போது உயிரோடு இருப்பவரும் இறந்தவராகிவிடுவார். ஆரில் 1, 2 என்ற இரு எண்கள் மட்டும் இருந்தால் 2-ஐயே நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்வது வழக்கம். அங்கே இறந்தவர் பிழைப்பார், பிழைத்தவர் இறப்பார். மூன்று மென்பொருளும் வளைகோட்டை அழகாகவே வரைந்து தரும்.

நாள் பத்தியும் அப்படித்தான். இந்தியாவில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதிய 05-03-2004 என்ற தேதியை அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி மே 3 என்று படிக்கும். 25-03-2004 என்பதைப் படிக்கத் தெரியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். சிகிச்சை தொடங்கும் முன்பே இறந்ததாகத் தோன்றும் நோயாளிகள் பட்டியலில் முளைப்பது பெரும்பாலும் இதனால். நோய் கண்டறிந்த அன்றே இறந்தவருக்குக் காலம் பூஜ்யம் என்பதால் ஸ்டேட்டா அவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும். அவரை வைத்துக்கொள்ள அரை நாளைக் கூட்டி எழுதுவது பதிவகங்களில் பழகிய வழி. இறப்புச் சான்றிதழின் வழியாக மட்டுமே அறியவந்தவரைச் சேர்க்க இயலாது; அவரது தொடக்க நாள் எவருக்கும் தெரியாது.

பெயரிலேயே ஏரியைத் தாங்கிய பொத்தேரியில் 1985-இல் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2002-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிப் பின்னர் மருத்துவக் கல்லூரியையும் பெற்றது. சேத்துப்பட்டிலும் தாம்பரத்திலும் ஏறுகிறவர்களைச் சுமந்துவரும் அதே மின்சார ரயில் பொத்தேரியில் மாணவர்களை இறக்கிவிடுகிறது. எம்.டி., எம்.எஸ். படிப்புகளுக்கு ஆய்வேடு கட்டாயம் என்பதால், மாணவர் பலர் தம் முதல் உயிர்வாழ்வு வளைகோட்டை வரைவது அந்த ஆய்வேட்டில்தான். அவர்கள் தயாரிக்கும் படிவத்தில் சேர்க்கை நாள் இருக்கும், இறந்தாரா என்ற கேள்வி இருக்கும், இறந்த நாளும் இருக்கும். அடையாற்றுப் பதிவகமும் சேத்துப்பட்டு மையமும் கதவு தட்டிக் கற்றுக்கொண்ட நான்காவது பத்தி அதில் அடிக்கடி விடுபடுகிறது: உயிரோடு இருப்பதாகக் கடைசியாக உறுதியாகத் தெரிந்த நாள். அது இல்லாத படிவத்தில், ஓராண்டுக்கு முன் ஒருமுறை மட்டும் வந்துபோனவரும் நேற்றுப் புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கியவரும் ஆய்வு முடியும் நாள்வரை உயிரோடு இருந்ததாக ஒன்றுபோல எழுதப்படுகிறார்கள். படிவத்தை அச்சிடுவதற்கு முன் அந்த ஒரு பத்தியைச் சேர்த்து, அதை நிரப்ப நோயாளியின் கைபேசி எண்ணையும் உறவினர் ஒருவரின் எண்ணையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொண்டால், மூன்றாண்டு கழித்துத் திரை கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை கையில் இருக்கும்.